மூச்சைக் கவனிப்பது சொகுசா?

கேள்வி: சிறையிலுள்ள பெண்களுக்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தருகிறார்களாமே! குற்றம் செய்தவர்களுக்கு இந்தச் சொகுசு எதற்கு? இதனால் திருந்திவிடுவார்களா?

பதில்: சிறையிலிருப்போரில் விசாரணையே முடியாதவர்களும் உண்டு என்பதை முதலில் நினைவூட்டிவிடுகிறேன். தண்டனை பெற்றவர்களிடமிருந்தும் நீதிமன்றம் பறிப்பது சுதந்திரத்தைத்தான். தூக்கத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பறிக்கும்படி எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. சிறைக்கு வரும் பெண்களில் பலர் அதற்கு முன்பே அடியும் பாலியல் வன்முறையும் பட்டவர்கள். ஐ.நா. பொதுச்சபை 2010இல் ஏற்ற, பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றிய பாங்காக் விதிகளின் 12ஆம் விதி, மனநல உதவி தேவைப்படும் பெண் கைதிகளுக்கு, அவர்கள் பட்ட காயங்களை உணர்ந்த சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. இதைச் சொகுசு என்றால், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் சொகுசுதான்.

திருந்துவார்களா என்பது வேறு கேள்வி. 1979இல் ஜான் கபட்-ஜின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, நாள்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்கானது. யாரையும் திருத்துவதற்கானது அல்ல. அதே மாநிலச் சிறைகளில் 1,300க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அதைக் கற்பித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகையுணர்வு குறைந்ததும் தன்மதிப்பு உயர்ந்ததும் தெரிந்தன. ஆண்களைவிடப் பெண்களிடம் முன்னேற்றம் கூடுதல். ஆனால் அவை, பயிற்சிக்கு முன்னும் பின்னும் கைதிகளே நிரப்பிய வினாத்தாள்களிலிருந்து பெற்ற முடிவுகள் என்பதால், அளவுக்கு மீறிக் கொண்டாட வேண்டியதில்லை.

என் கவலை, கற்றுத்தரும் விதத்தைப் பற்றியது. கழுத்து நெரிக்கப்பட்டுப் பிழைத்த ஒருத்தியிடம் “கண்ணை மூடி மூச்சைக் கவனி” என்றால், அவளுக்கு அமைதி வராது. அந்த இரவுதான் திரும்பி வரும். விவரம் தெரிந்த பயிற்சியாளர் அவளைச் சுவரில் முதுகு சாய்த்து, கதவு கண்ணில் படும்படி உட்காரவைப்பார். கண்களைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் பதிந்திருப்பதை மட்டும் கவனிக்கச் சொல்வார். வேண்டாமென்றால் நடுவில் எழுந்து போகவும் விடுவார். இவ்வளவும் செய்தாலும், மனநல மருத்துவரும் மருந்தும் பிள்ளையின் குரலைக் கேட்க ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லாத இடத்தில், பாய் விரித்து உட்காரவைப்பது நிர்வாகத்துக்குச் செலவைத்தான் மிச்சப்படுத்தும்.

ஆகவே சொகுசா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த வகுப்புக்கு வர மாட்டேன் என்று சொல்லும் பெண்ணின் பெயர் நன்னடத்தைப் பதிவேட்டில் எப்படி எழுதப்படுகிறது என்று கேளுங்கள்.