எட்டு ஃபண்டும் ஒரு கடனும்: 401கே-யில் எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: வயது 39. நியூ ஜெர்ஸியில் ஐ.டி. வேலை, ஹெச்1பி வேலை விசா, ஆண்டுச் சம்பளம் 1,50,000 டாலர். 401கே-யில் (கம்பெனி வழியாகச் சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வுச் சேமிப்பு) 1,40,000 டாலர் சேர்ந்திருக்கிறது. எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் (அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகள்), இரண்டு லார்ஜ் கேப் குரோத் ஃபண்டுகள் (வேகமாக வளரும் பெரிய கம்பெனிகள்), டெக்னாலஜி, மிட் கேப் (நடுத்தரக் கம்பெனிகள்), ஸ்மால் கேப் (சிறிய கம்பெனிகள்), இன்டர்நேஷனல் இண்டெக்ஸ், டார்கெட் டேட் 2055 என எட்டு ஃபண்டுகளில் பிரித்து வைத்திருக்கிறேன். போன வருஷத்திலிருந்து புதிதாகப் போகும் பணம் முழுவதும் டெக்னாலஜி ஃபண்டுக்குத்தான். இந்தக் கலவை சரியா? மூன்று வருஷத்துக்கு முன் ஊரில் அண்ணன் வீடு கட்ட, 401கே-யிலிருந்து 40,000 டாலர் கடன் எடுத்தேன் (8.5%, ஐந்து வருஷம்). மாதம் 820 டாலர் பிடிக்கிறார்கள். கை இறுக்கமானதால் பங்களிப்பை 6 சதவீதத்திலிருந்து 3-ஆகக் குறைத்தேன். 6% வரை போட்டால் அதில் பாதியை கம்பெனி மேட்ச் தரும். இப்போது மாடி எடுக்க அண்ணன் இன்னும் 40 லட்சம் ரூபாய், சுமார் 45,000 டாலர் கேட்கிறார். வட்டி எனக்கே வருவதால் இன்னொரு கடன் எடுக்கலாம் என்றிருக்கிறேன். 401கே-க்குப் பதில் ஐ.யு.எல். இன்ஷூரன்ஸ் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்த ஆயுள் காப்பீடு) போடு, மார்க்கெட் விழுந்தாலும் நஷ்டமே இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரிவருமா?

பதில்: கலவைக்கு வருகிறேன். அதற்கு முன், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 6-ஐ 3 ஆக்கினேன் என்று, அதைப் பார்ப்போம்.

6% போட்டிருந்தால் வருஷத்துக்கு உங்கள் பணம் 9,000, கம்பெனி பணம் 4,500. இப்போது 3% போடுவதால் கம்பெனி தருவது 2,250தான். கடன் முடிகிறவரை இப்படியே விட்டால், ஐந்து வருஷத்தில் வாங்காமல் விட்ட மேட்ச் 11,250 டாலர். 6% வளர்ச்சி என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். பணம் 12 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், 24 வருஷத்தில் நான்கு மடங்காகும். ஓய்வு பெறும்போது அது 45,000 டாலர். அண்ணனுக்குக் கொடுத்த 40,000 போக, இந்த 45,000-ஐ யாரும் கேட்காமலேயே கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த வருஷம் அதிகமாகப் போட்டுப் பழைய மேட்சை வாங்கிவிட முடியாது. போனது போனதுதான்.

"வட்டி எனக்கே வருகிறது" என்பது பொய்யில்லை, ஆனால் அரை உண்மை. ஐந்து வருஷத்தில் நீங்கள் கட்டும் வட்டி சுமார் 9,200 டாலர். அதை வரி கட்டிய சம்பளத்திலிருந்து கட்டுகிறீர்கள். ஓய்வுக்குப் பின் எடுக்கும்போது அதற்கு மறுபடியும் வரி. அசலுக்கும் இரட்டை வரி என்று பலர் பயமுறுத்துவார்கள், அது தவறு, வட்டிக்கு மட்டும்தான். உங்கள் வரி விகிதம் 22% என்று வைத்தால் 2,000 டாலர் போகும். அது வலிக்கும், தாங்கலாம். மேட்சை விடுவதும், வேலை போனால் வரும் சிக்கலும்தான் தாங்க முடியாதவை.

அந்தச் சிக்கலைக் கணக்காகவே பாருங்கள். முதலில், 45,000 டாலர் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. உச்சவரம்பு 50,000; அல்லது உங்களுக்கு உரிமையான தொகையில் பாதி; இரண்டில் எது குறைவோ அது. அந்த 50,000-லும், கடந்த 12 மாதங்களில் உங்கள் கடன் பாக்கி அதிகபட்சம் எவ்வளவு இருந்ததோ அதைக் கழிப்பார்கள். ஒரு வருஷத்துக்கு முன் உங்கள் பாக்கி சுமார் 26,000. ஆக, இப்போது எடுக்கக்கூடியது 24,000. ஒரே நேரத்தில் இரண்டாவது கடனையே அனுமதிக்காத திட்டங்களும் உண்டு. சரி, கிடைத்தது என்றே வைப்போம். மாதத் தவணை 820-உடன் இன்னொரு 490 சேர்ந்து 1,310 ஆகும். அப்போது மிச்சமிருக்கும் 3 சதவீதத்தையும் நிறுத்திவிடுவீர்கள். இப்படித்தான் எல்லோருக்கும் நடக்கிறது.

மொத்த பாக்கி: 18,000 பழையது, 24,000 புதியது, ஆக 42,000. மறு மாதமே ஆட்குறைப்பு என்றால்? வேலையை விட்ட பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை கட்ட விடும் திட்டங்கள் சில உண்டு, பல விடாது. கட்டாத பாக்கியை நீங்கள் எடுத்துச் செலவழித்த பணமாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள். அந்த ஆண்டுக்கான வரித் தாக்கல் கெடுவுக்குள் (நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15) அதே தொகையை வேறெங்கிருந்தாவது புரட்டி ஐ.ஆர்.ஏ.-வில் (தனிநபர் ஓய்வுச் சேமிப்புக் கணக்கு) போட்டால் தப்பலாம். இல்லையென்றால் மத்திய வரி, அதே 22% என்று வைத்தால்கூட, அதோடு ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்ததற்கு அபராதம் 10%. 42,000-க்கு 13,400 டாலருக்கு மேல். மாநில வரி தனி. விசாவின்படி வேறு வேலை தேட உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள். அந்த நேரத்தில் 42,000-ஐ எங்கிருந்து புரட்டுவீர்கள்?

இப்போது கலவை. எட்டு ஃபண்ட் என்றால் பரவலாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எஸ் அண்ட் பி 500, இரண்டு குரோத் ஃபண்டுகள், டெக்னாலஜி நான்கின் மாத அறிக்கையையும் எடுத்து முதல் பத்துப் பங்குகளைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட், என்விடியா, ஆப்பிள் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். எஸ் அண்ட் பி 500-லேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டெக்னாலஜி. அதற்கு மேல் தனியாக ஒரு டெக்னாலஜி ஃபண்ட் எதற்கு? உங்கள் சம்பளம் ஐ.டி., விசா ஐ.டி., சேமிப்பும் ஐ.டி. சரிவு வந்தால் மூன்றும் ஒரே மாதத்தில் அடிபடும். 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை, டெக்னாலஜி கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு மறுபடி தொட 2015 ஆயிற்று.

இதிலும் கடனின் கை இருக்கிறது. கடன் கொடுக்கும்போது பெரும்பாலான திட்டங்கள் எல்லா ஃபண்டிலிருந்தும் விகிதப்படி விற்றுப் பணம் எடுக்கும். நீங்கள் கட்டும் தவணையோ, புதுப் பங்களிப்பு எந்த ஃபண்டுக்குப் போகிறதோ அங்கேதான் போகும். ஆக, போன வருஷத்திலிருந்து மாதா மாதம் அந்த 820-ம் டெக்னாலஜி ஃபண்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் நினைப்பதைவிட அது பெருத்திருக்கும், பாருங்கள்.

டார்கெட் டேட் 2055 என்பது உள்ளூர், வெளிநாடு, கடன்பத்திரம் எல்லாம் உள்ளே வைத்து, வயது ஏற ஏறத் தானே மாற்றிக்கொள்ளும் ஃபண்ட். தனியாக வைத்தால்தான் அதற்கு அர்த்தம். எட்டில் ஒன்றாக வைத்தால் மற்ற ஏழும் அதன் கணக்கைக் கெடுத்துவிடும். இதை அடிக்கடி கவனிக்க நேரமில்லை, கட்டணமும் குறைவு என்றால் நூறு சதவீதத்தையும் அதில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நீங்களே பிரிக்க வேண்டுமென்றால் என் கணக்கு: எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் 55, மிட் கேப், ஸ்மால் கேப் இரண்டும் சேர்த்து 10, இன்டர்நேஷனல் இண்டெக்ஸ் 25, கடன்பத்திர ஃபண்ட் 10. இன்டர்நேஷனலில் வளரும் நாடுகளும் இருக்கிறதா என்று பார்க்கவும். வளர்ந்த நாடுகளோடு நின்றுவிடும் ஃபண்டுகளும் உண்டு. கட்டணத்தையும் பாருங்கள். 60,000 டாலர் 0.70% கட்டணத்தில் இருந்தால் வருஷம் 420 போகிறது, 0.03% இண்டெக்ஸில் 18தான்.

மாற்றும்போது இணையதளத்தில் இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கும். ஒன்று, இனி வரும் பணம் எங்கே போக வேண்டும் என்பது. மற்றது, ஏற்கெனவே இருக்கும் இருப்பை மாற்றுவது. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பழைய 1,40,000 இருந்த இடத்திலேயே கிடக்கும். இரண்டையும் மாற்றுங்கள். 401கே-க்குள் விற்று வாங்க வரி கிடையாது, ஆனால் விற்ற ஃபண்டை 30 நாளுக்குள் திரும்ப வாங்க விடாத கட்டுப்பாடு சில ஃபண்டுகளில் உண்டு. யோசித்து ஒரே தடவையில் செய்யுங்கள்.

இதெல்லாம் இரண்டாவது. முதல் வேலை, அடுத்த சம்பளத்திலிருந்தே பங்களிப்பை 6-க்கு ஏற்றுவது. மாதம் 375 டாலர் கூடுதலாகப் பிடிப்பார்கள். வரிச் சலுகை போக கையில் குறைவது 290 அளவுதான். பதிலுக்குக் கம்பெனியிடமிருந்து மாதம் 187 வரும். போனஸ் வந்தால் முதலில் ஆறு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்குங்கள், மீதியில் கடனை அடையுங்கள். கடன் முடிந்த மாதமே அந்த 820-ஐப் பங்களிப்பில் ஏற்றிவிடுங்கள். 12 சதவீதத்தைத் தாண்டும். 2026-க்கான வரம்பு 24,500 டாலர், இன்னும் இடம் இருக்கிறது.

ஐ.யு.எல். பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சந்தை விழுந்தால் பூஜ்ஜியம் என்பது உண்மை. ஏறும்போது ஒரு உச்சவரம்போடு நிறுத்திவிடுவார்கள், டிவிடெண்ட் பொதுவாகக் கணக்கில் வராது. சந்தை பூஜ்ஜியமாக இருக்கும் வருஷத்திலும் காப்பீட்டுச் செலவு உங்கள் பணத்திலிருந்து கழியும். பல பாலிசிகளில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு, இடையில் பாலிசியை முடித்துக்கொண்டால் பிடிக்கும் சரண்டர் கட்டணமும் உண்டு. நண்பருக்கு இதில் கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள், நட்பு கெடாமல்.

அண்ணனிடம் "401கே-யில் இனி எடுக்க முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள். மாடிக்கு அவர் பெயரில் அங்கேயே வங்கியில் வீட்டுக் கடன் வாங்கட்டும். உதவ மனமிருந்தால், 6% போன பிறகு கையில் வரும் சம்பளத்தில் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை, முடியும் தேதியோடு சொல்லி அனுப்புங்கள். முன்பு கொடுத்த 40,000 கடனா, கொடையா என்பதையும் இந்தப் பேச்சிலேயே முடிவு செய்து, கடன் என்றால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.