வட்டுக்கோட்டைச் செமினரி: கேள்விகளும் பதில்களும்

வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய பள்ளிதான் வட்டுக்கோட்டைச் செமினரி. அது ஒரு கலைக்கல்லூரி என்பது என் கருத்து. அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

சேர், அமெரிக்காக்காரர் இவ்வளவு தூரம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஏன் வந்தார்கள்? (சுழிபுரம் வாசகர்)

1812இல் கல்கத்தாவில் இறங்கிய அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பனி இருக்க விடவில்லை. இலங்கை கம்பனியின் கையில் இல்லை, பிரித்தானிய முடியின் கீழ் இருந்தது. ஆளுநர் பிரவுன்றிக் இடம் கொடுத்தார். 1816இல் தெல்லிப்பழையிலும் அடுத்த ஆண்டு வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினார்கள்.

செமினரி என்றால் பாதிரிமாரைப் பழக்கும் பள்ளிதானே? அதைக் கலைக்கல்லூரி என்று ஏன் சொல்கிறீர்கள்? (திருச்சி மாணவி)

நல்ல கேள்வி, பிள்ளை. பெயரைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1823இல் மிஷனரிகள் வெளியிட்ட திட்டத்தில் கல்லூரி என்றுதான் எழுதியிருந்தார்கள். தமிழ் இளைஞருக்கும் பிறருக்கும் இலக்கியமும் சமயமும் கற்பிக்கும் கல்லூரி. ஆனால் பிரவுன்றிக்குக்குப் பின் வந்த ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்கர்களை விரும்பவில்லை. 1820இல் அவர்களுக்கு உதவ வந்த அச்சுக்காரர் ஜேம்ஸ் கரெட்டை நாட்டில் தங்கவே விடவில்லை. அப்படிப்பட்ட அரசிடமிருந்து கல்லூரிச் சாசனம் வருமா? அதனால் செமினரி என்ற பெயரோடு நடத்தினார்கள்.

உள்ளே நடந்த படிப்பைப் பாருங்கள். ஆங்கிலம், தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், தத்துவம், வேதாகமம். முதல் அதிபர் டானியல் பூர் நியூ இங்கிலாந்தின் டார்ட்மவுத் கல்லூரியில் படித்தவர். தான் படித்த மாதிரியான படிப்பைத் தமிழோடு சேர்த்துக் கொடுக்க நினைத்தார். அடுத்த அதிபர் ஹென்றி ஹொய்சிங்டன் வானியல் படிப்பித்தவர். சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஒரு மிஷன் அதிபர் சைவ சித்தாந்தத்தின் மூலநூலை உட்கார்ந்து படித்து மொழிபெயர்க்கிறார் என்றால், வெறும் போதகர் பயிற்சிக்கு அது எதற்கு? சைவத்தை மறுக்கவும் அதைப் படித்தார்கள், உண்மைதான். ஆனாலும் படித்தார்கள்.

ஆறுமுக நாவலர் இந்தச் செமினரியில் எந்த ஆண்டு படித்தார்? (ரொறன்ரோ வாசகர்)

படிக்கவில்லை. அவர் படித்ததும் படிப்பித்ததும் யாழ்ப்பாண நகரத்தில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளியில். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுதான். பீற்றர் பேர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்ததும் அங்கேதான். அது ஆங்கிலேயர் மிஷன், வட்டுக்கோட்டை அமெரிக்கர் மிஷன். தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள்.

கிரகணப் போட்டி என்று ஒரு கதை சொல்வார்களே, உண்மையா? (கொழும்பு வாசகி)

உண்மை. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் சொன்ன நேரமும் அளவும் ஒன்று, டானியல் பூர் கணித்தது வேறு. ஊரே பார்த்திருக்க, பூர் சொன்னபடி நடந்தது. இதைக் கேட்டு நம்மவருக்குக் கணக்குத் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். கிரகணத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறை இங்கே பரம்பரையாக இருந்தது. வேறுபாடு துல்லியத்தில்தான்.

பிறகு ஏன் மூடினார்கள்? காசு இல்லையா? (மட்டக்களப்பு ஆசிரியர்)

காசு மட்டும் காரணம் இல்லை. பொஸ்டனில் மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த மாணவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான், கிராமத்துச் சபைக்கு ஊழியர் கிடைக்கவில்லை, மிஷன் பணம் அதற்கில்லை என்று கண்டார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டில் டானியல் பூரும் மானிப்பாயில் கொள்ளை நோயில் இறந்தார். எனக்கு இன்றும் மனம் தாங்காத ஆண்டு அது.

அண்டர்சன் தாய்மொழியில் படிப்பிக்கச் சொன்னவர். தமிழ்ப்பற்று உள்ள நீங்கள் அவரைக் குறை சொல்லலாமா? (அதே ஆசிரியர்)

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, ஒத்துக்கொள்கிறேன். சபை உள்ளூர் ஆட்களின் கையில் இருக்க வேண்டும், அவர்கள் மொழியில் நடக்க வேண்டும் என்றார். ஆனால் அவர் கேட்ட தமிழ்ப் படிப்பு கிராமப் போதகருக்கு வேண்டிய அளவுதான். உயர்கல்வியைத் தமிழில் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை.

உயர்கல்வியை அந்தக் காலத்தில் தமிழில் கொடுத்திருக்க முடியுமா? (இலண்டன் வாசகர், இடையில் புகுந்தவர்)

கொடுத்தார்களே! அதே மிஷனின் டாக்டர் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இரணவைத்தியம் (அறுவைச் சிகிச்சை), கெமிஸ்தம் (வேதியியல்) என்று நூல்கள் அச்சில் வந்தன. செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை பீஜகணிதத்தை, அதாவது அல்ஜீப்ராவை, தமிழில் எழுதினார். கிறீனுடைய வழியில் செமினரியையும் கொண்டுபோயிருக்கலாம். அண்டர்சனுக்கு முன்னால் இருந்தது ஆங்கிலமா தமிழா என்ற கேள்வி மட்டும் அல்ல. தேவாலயத்துக்கு உடனே பயன்படாத படிப்பைத் தேவாலயக் காசில் கொடுக்கலாமா என்பதே பெரிய கேள்வி. அவர் கூடாது என்றார். நான் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

அப்படிப் படித்தவர்கள் கடைசியில் சைவத்துக்குத்தானே திரும்பினார்கள்? மிஷன் தோற்றது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். (மீண்டும் ஆசிரியர்)

சி. வை. தாமோதரம்பிள்ளையைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆம், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, செமினரியில் படித்து, பின்பு சைவரானவர். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேர்: அவரும் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் தாமோதரம்பிள்ளை. இன்னொரு பக்கம் ஜே. ஆர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவர். மிஷனின் உதயதாரகைப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாறான பாவலர் சரித்திர தீபகம் எழுதினார். ஒரே வகுப்பறைப் படிப்பு இரண்டு பேரையும் தமிழுக்குத் தந்திருக்கிறது. நான் கிறிஸ்தவன். தாமோதரம்பிள்ளை சைவரானதை எங்கள் கல்லூரியின் தோல்வியாக என்னால் எண்ண முடியாது. மனிதனுக்குச் சொந்தமாக யோசிக்கக் கற்றுக்கொடுத்தால், அவன் யோசித்து எடுத்த முடிவையும் மதிக்கத்தானே வேண்டும்?

இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணக் கல்லூரி 1823இல் தொடங்கியதா 1872இலா? (ஒஸ்லோ வாசகர்)

செமினரி 1823, கல்லூரி 1872. நடுவில் 17 ஆண்டு இடைவெளி. பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் விடாமல் முயன்றதால் அதே வட்டுக்கோட்டையில் மீண்டும் எழுந்தது. அந்த முயற்சியை மறந்து ஒரே கோடாக இழுக்காதீர்கள். 1974இல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் வந்தபோது விஞ்ஞான வகுப்புகள் முதலில் அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில்தான் நடந்தன.

பெண்களுக்கு ஒன்றும் இல்லையா? (உடுவில் தங்கச்சி)

உடுவில்காரியே கேட்கலாமா? 1824, உங்கள் ஊர்ப் பள்ளி. ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய விடுதிப் பள்ளி. இன்னும் ஒன்று: செமினரியின் அதிபராக இருந்த சைரஸ் மில்ஸும் மனைவி சூசனும் பின்னாளில் கலிபோர்னியாவில் வளர்த்த பெண்கள் கல்லூரிதான் மில்ஸ் கல்லூரி.

நாவலர் படித்த அறை இன்னும் இருக்கிறதா? (சிட்னி வாசகர்)

மேலே பதில் இருக்கிறது. வட்டுக்கோட்டையில் அவர் படிக்கவில்லை.

தனித் தமிழீழம் கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் பற்றிச் சொல்லுங்கள்.

அது அரசியல் வரலாறு, பண்ணாகத்தில் நடந்த மாநாடு. அதற்குரியவர்களிடம் கேளுங்கள்.

மகனைக் கல்லூரியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

அதிபர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

மூல ஆவணங்களை எங்கே பார்க்கலாம்? (பேராதனை மாணவர்)

அமெரிக்க மிஷன் சபையின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. தமிழில் அச்சானவற்றுக்கு இணையத்தில் உள்ள 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள், தம்பி. நினைவு மலர்களை மட்டும் நம்பி எழுதாதீர்கள். நாவலர் கதை போன்ற பிழைகள் ஒரு மலரிலிருந்து அடுத்த மலருக்கு அப்படியே போகும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டன் பூட்டன் வட்டுக்கோட்டையில் படித்தவர் என்றால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சான்றிதழோ, கொப்பியோ, கடிதமோ இருந்தால் கறையான் தின்னுமுன் படம் எடுத்து அந்த எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள்.