முழு உணவுப் பாடம்: திரைக்கு எவ்வளவு, தட்டுக்கு எவ்வளவு?

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் ஒரு ஸ்மார்ட் போர்டும் நான்கு டேப்லெட்டுகளும் இருக்கின்றன. அதிகம் பதப்படுத்தாத, இயற்கையான முழு உணவுகளைப் பற்றி வாரம் ஒரு 40 நிமிட வகுப்பு வீதம் ஆறு வாரம் நடத்த வேண்டும். நல்ல உணவுப் படங்களை இழுத்துக் கூடையில் போடும் விளையாட்டைக் கொடுத்தேன். எல்லாரும் நூற்றுக்கு நூறு. ஆனால் மதியச் சாப்பாட்டில் காய்கறியை அப்படியே ஒதுக்கி வைக்கிறார்கள். வேறு நல்ல ஆப் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஆப்பை மாற்றினால் இது சரியாகாது. உங்கள் பிள்ளைகள் விளையாட்டு கேட்டதைக் கற்றுவிட்டார்கள். எந்தப் படம் எந்தக் கூடைக்கு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவு வேறு, வாய்க்குப் பழகுவது வேறு.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1980-களில் சிறு குழந்தைகளோடு செய்த ஆய்வுகளில், பழக்கமில்லாத உணவுகளில் சிலவற்றைப் பார்க்க மட்டும் கொடுத்தார்கள், சிலவற்றைச் சுவைக்கவும் கொடுத்தார்கள். பார்த்து மட்டும் பழகிய உணவு பார்ப்பதற்குப் பிடித்ததாக மாறியது, சாப்பிடுவதற்குப் பிடித்ததாக மாறவில்லை. சுவை பிடிக்க வேண்டுமானால் சுவைத்தே ஆக வேண்டும். அதுவும் ஒரே தடவையில் நடப்பதில்லை. பல குழந்தைகளுக்கு எட்டு, பத்து தடவை, சிலருக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தருவது பார்வை மட்டும்தான்.

அதனால் முதலில் காய்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு வாரத்துக்கு ஆறு காய் என்று திட்டம் போட்டால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் நாக்கைத் தொடும். இரண்டே காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு சுவைப்பு, அப்புறம் அதே வாரத்தில் வேறு இரண்டு நாட்களில் இரண்டு நிமிடச் சுவைப்பு. ஆறு வாரத்தில் மொத்தம் 18 ஆகிறது, ஒரு காய்க்கு ஒன்பது. விரல்நுனி அளவுத் துண்டு போதும். வாயில் போட்டுவிட்டு நாகரிகமாகக் காகிதத்தில் துப்பினாலும் அது சுவைப்புக் கணக்கில் சேரும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். துப்ப அனுமதி இருக்கிறது என்று தெரிந்தால் பயந்த பிள்ளையும் வாயில் வைக்கும்.

சரி, அப்படியானால் ஸ்மார்ட் போர்டு எதற்கு? கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டுவதற்கு. காரட் படத்தைத் திரையில் காட்டுவதில் பயனில்லை, காரட்டைக் கையிலேயே கொடுத்துவிடலாம். தானியத்தின் உட்புறம் அப்படியல்ல.

மக்காச்சோள மணிகளை முந்தின இரவு ஊற வையுங்கள். கோதுமையும் ஆகும், ஆனால் சோளமணி பெரிது, வெட்டச் சுலபம். நீங்களே நீளவாக்கில் இரண்டாக வெட்டி டிஜிட்டல் நுண்ணோக்கியில் வைத்துப் போர்டில் பெரிதாக்குங்கள். நுண்ணோக்கி இல்லாவிட்டால் டேப்லெட் கேமராவின் முன் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். வெளித்தோல், முளைக்கரு, மாவுப்பகுதி மூன்றும் தெரியும். ஏழு வயதுக்கு வைட்டமின் பெயர்கள் வேண்டாம். உள்ளே ஒரு குட்டிச் செடி தூங்குகிறது, பக்கத்தில் அதற்கான சாப்பாட்டு மூட்டை, மேலே ஒரு சட்டை என்று சொன்னால் போதும். பிறகு அதே படத்தில் சட்டையையும் குட்டிச் செடியையும் பிள்ளைகளே விரலால் இழுத்து நீக்கட்டும். கோதுமையில் இப்படி நீக்கியபின் மிச்சம் இருப்பதுதான் வெள்ளை மாவு, அதாவது மைதா. உங்கள் தகவலுக்கு: கோதுமை மணியில் மாவுப்பகுதி ஏறக்குறைய 83 சதவீதம், தவிடு 14 சதவீதத்துக்குச் சற்று மேல், முளைக்கரு 2 முதல் 3 சதவீதம். நார்ச்சத்து பெரும்பாலும் தவிட்டில் இருக்கிறது. பி வகை வைட்டமின்களிலும் தாதுக்களிலும் பெரும்பங்கு தவிட்டோடும் கருவோடும் போய்விடுகிறது. இதை முடித்த கையோடு, முழுக் கோதுமை மாவையும் வெள்ளை மாவையும் இரண்டு கிண்ணங்களில் வைத்துத் தொட்டும் மோந்தும் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் நீக்கிய தவிட்டை விரல் கண்டுபிடிக்கும்.

திரை காட்டக்கூடிய இன்னொன்று, காலம். கண்ணாடிக் குவளையின் உட்சுவரை ஒட்டி, ஈரக் காகிதத்துக்கு வெளிப்புறமாக ஒரு பீன்ஸ் விதையை வைத்து, எதிரே ஒரு டேப்லெட்டைச் சார்ஜரோடு நிறுத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி அமைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் 672 படங்கள். விநாடிக்கு 12 படம் என்று ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் வேர் இறங்குவதும் தோல் பிளப்பதும் தெரியும். இரவில் படம் கறுப்பாகிவிடும், ஆகவே ஒரு சிறிய விளக்கை எரிய விடுங்கள். உணவு உயிருள்ள ஒன்றிலிருந்து வருகிறது என்பதை இந்த ஒரு நிமிடம் சொல்லும் அளவுக்கு எந்த விளக்கமும் சொல்லாது.

கூடை விளையாட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, மாற்றி அமையுங்கள். நல்லது, கெட்டது என்று இரண்டு கூடை வைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை. அதோடு, தன் வீட்டில் உண்பது கெட்ட கூடையில் விழும்போது பிள்ளைக்கு வெட்கமாகிவிடும். ஒரு கோடு வரைந்து அதன் தொடக்கத்தில் மரத்தை வையுங்கள். முழு ஆப்பிள், தோல் சீவிய துண்டு, மசித்த கூழ், வடிகட்டிய சாறு, ஆப்பிள் வாசனை மட்டும் சேர்த்த மிட்டாய். மரத்துக்கு எது பக்கம், எது தூரம் என்று வரிசைப்படுத்தட்டும். கூழுக்கும் சாற்றுக்கும் எது தூரம் என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள், பாடம் அதில்தான் இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மோன்டெய்ரோ குழு உருவாக்கிய நோவா வகைப்பாடு, பதப்படுத்தும் அளவை வைத்து உணவுகளை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது. உங்கள் கோடு அதன் எளிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாறு ஏன் தள்ளிப் போகிறது என்று பெற்றோர் யாராவது கேட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைச் சொல்லலாம். அது பழச்சாற்றில் உள்ள சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரையாகக் கணக்கிடுகிறது, முழுப் பழத்தில் உள்ளதை அப்படிக் கணக்கிடுவதில்லை. உறைய வைத்த பட்டாணியும் உலர்த்திய பயறும் பதப்படுத்தியவைதான், ஆனாலும் மரத்தடிக்கு மிகப் பக்கத்தில் நிற்பவை. பதப்படுத்திய எல்லாமே தவறு என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது.

புள்ளிகள், நட்சத்திரங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். பர்ச் குழுவின் 1984 ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்ததற்குப் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்தது. தனித்தனிப் புள்ளிப் பட்டியல் வேண்டாம். இதற்கு மாற்றாக நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிட் கேம் என்ற பள்ளி விளையாட்டில், பள்ளி முழுக்கச் சேர்ந்து சாப்பிட்ட பழம், காய்கறியின் அளவு இலக்கைத் தொட்டால் கதையின் அடுத்த பகுதி திறக்கும். நீங்களும் வகுப்பின் மொத்தச் சுவைப்புகளைப் போர்டில் கூட்டி, இலக்கு வந்ததும் கதைப்படம் ஒன்றைத் திறக்கலாம். இன்று சுவைக்காத பிள்ளையின் பெயர் எங்கும் தெரியக் கூடாது. இனிப்பைப் பரிசாகக் கொடுக்கவே கூடாது.

டேப்லெட்டுகளுக்கு என் யோசனை ஒலிப்பதிவு. நான்கு குழுவாகப் பிரித்து, சுவைத்தவுடன் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் பேசிப் பதியட்டும். ‘பிடிச்சிருக்கு’, ‘பிடிக்கல’ தவிர வேறு சொல் வேண்டும் என்பது விதி: மொறுமொறு, சவசவ, பச்சை வாசனை, கடைசியில் இனிப்பு. கதை கட்டிப் பார்க்க விரும்பினால், படக் கட்டளைகளை அடுக்கிப் பாத்திரங்களை அசைய வைக்கும் ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற ஆப் இருக்கிறது. அது ஐந்து முதல் ஏழு வயதினருக்காகவே வடிவமைத்தது.

உணவு நிறுவனங்களின் பொம்மைப் பாத்திரங்கள் வரும் ஆப்களும், எடை அல்லது கலோரி கேட்கும் ஆப்களும் இந்த வயதுக்கு வேண்டாம். சாப்பாட்டு டப்பாவைப் படம் எடுத்து ஒப்பிடும் பழக்கமும் வேண்டாம். சுவைப்பு தொடங்கும் முன் ஒவ்வாமைப் பட்டியலைப் பெற்றோரிடம் வாங்கிவிடுங்கள். கடினமான காயை வட்டத் துண்டாகக் கொடுக்காமல் மெல்லிய குச்சியாகச் சீவியோ லேசாக வேக வைத்தோ கொடுங்கள்.

40 நிமிடத்தில் திரைக்கு 10, 12 நிமிடம் போதும். ஆறாம் வாரம் வினாடி வினா வைக்காமல், முதல் வாரப் பதிவையும் அன்றைய பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்க விடுங்கள். எந்தப் பிள்ளைக்குச் சொற்கள் கூடியிருக்கின்றன, யார் இன்னும் தயங்குகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தயங்குபவர்களுக்கு அதே இரண்டு காய்களை அடுத்த பருவத்திலும் தொடருங்கள், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.