டீத்தூள் சாயம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஈரோடு பக்கம் பருத்தித் துப்பட்டாக்களுக்கு டீத்தூள் சாயம் போட்டு விற்கிறேன். டீயை ஒரு மாதம் புளிக்கவிட்டால் படிகாரமே வேண்டாம் என்றார் தூள் கொடுத்த ஏஜென்ட். இரண்டு சலவையில் நிறம் போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: புளிக்கவிட்டால் டீ புளிக்கும், அவ்வளவுதான். கொம்புச்சா என்கிற புளித்த டீ பானம் போல மாதக்கணக்கில் வைத்தாலும் கூடுவது அமிலம். அது சாயத்தைத் துணியில் நிறுத்தாது. நிறுத்துவது டீயின் துவர்ப்பு, அதாவது டானின். கடுக்காயில் இருப்பதும் அதுதான். பருத்தி டானினைப் பிடிக்கும், டானின் படிகாரத்தைப் பிடிக்கும், படிகாரம் நிறத்தைப் பிடித்து நிறுத்தும். ஆகவே சலவை சோடாவில் கொதிக்கவைத்துக் கஞ்சி நீக்கிய துணியை முதலில் டீயில் ஊறவையுங்கள், அப்புறம் படிகாரத் தண்ணீரில். கிலோ துணிக்கு 150 கிராம் படிகாரம் போதும்.

ஆனால் இரண்டே சலவையில் போனது என்றால் என் சந்தேகம் தூள் மேல்தான். டீக்கடைச் சக்கையை உலர்த்திச் செயற்கை நிறம் ஏற்றி விற்கிற கூட்டம் இருக்கிறது. சக்கையில் டானின் எங்கே மிச்சம்? ஈரமான வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை தூவுங்கள். உடனே செம்பழுப்பாகக் கறை ஓடினால் அது நிறம் ஏற்றிய தூள். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு அவசரப்படாது. தேயிலைக் கழிவை விற்க உரிமம் வேண்டும் என்று 1959லேயே ஆணை வந்துவிட்டது. குடிக்கிற டீயில் கலந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருவார். 'சாயத்துக்கு' என்று சொல்லி விற்றால் யார் வருவார்? ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். சாயம் போடுபவர்தான் நஷ்டப்படுவார்.

பட்டும் கம்பளியும் மட்டும் வேறு கதை. அவை புரத இழை என்பதால் படிகாரம் இல்லாமலேயே டீயை ஓரளவு நன்றாகப் பிடிக்கும். ஏஜென்ட் மாதிரித் துண்டு ஏதாவது காட்டியிருந்தால், அது பட்டா என்று பாருங்கள். பாவு (நீள நூல்) பட்டு, ஊடை (குறுக்கு நூல்) பருத்தி என்றால் இன்னும் குழப்பம்: ஒரே தொட்டியில் பட்டு கருத்து நிற்கும், பருத்தி வெளிறி நிற்கும். அதைப் பார்த்து உங்கள் முழுப்பருத்தித் துப்பட்டாவைக் கணக்குப் போடாதீர்கள்.

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு சேர்க்கலாம், கிலோவுக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டாம். இரும்பு நூலை அரித்துவிடும்.

அடுத்த மூட்டைக்குப் பில் கேளுங்கள். அதில் 'டீத்தூள்' என்று எழுத அவர் தயங்கினால் வாங்காதீர்கள்.