கோடையில் நடந்த பாதையில் பனிக்காலத்தில் போகலாமா?

கேள்வி: கோடையில் மூன்று முறை ஏறிய ஒரு கணவாய்க்கு, நண்பர்கள் நான்கு பேர் இந்தக் குளிர்காலத்தில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் இருக்கக் காலணியில் மாட்டும் அகலமான சட்டம்) அணிந்து செல்ல நினைக்கிறோம். போகவர 12 கிலோமீட்டர்; 700 மீட்டர் ஏற்றம். முதலில் காடு. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மரங்களற்ற மலைச்சரிவைக் குறுக்காகக் கடந்து கணவாயை அடைகிறது. கோடையில் ஐந்து மணி நேரம் ஆனது. நாங்கள் பனிக்குப் புதியவர்கள். போகலாமா?

பதில்: காடு வரை போகலாம், கணவாய் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அடுத்த முறை நீங்களே முடிவெடுக்க அது உதவும்.

'தெரிந்த பாதை' என்ற தைரியம்தான் இங்கே முதல் ஆபத்து. ஏறுபவருக்கு மூச்சு வாங்கக்கூடாது என்பதற்காகக் கோடைப் பாதையை மலையின் விலாவில் குறுக்காக வெட்டியிருப்பார்கள். பனி அந்த வெட்டை நிரப்பி, சரிவோடு சரிவாக்கிவிடும். ஸ்னோஷூ நேராக ஏறுவதற்கு நல்ல துணை. சரிவின் குறுக்கே நடந்தாலோ பக்கவாட்டில் புரளும். இறுகிப்போன பனியில் சறுக்கினால் நிற்க இடமிருக்காது.

அதைவிடப் பெரியது பனிச்சரிவு. பலகை போல் உடைந்து சரியும் பனிப்பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் புறப்படுகின்றன. கால் வைக்கும் இடம் சமதளமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். மேலே செங்குத்தான முகம் இருந்தால் அங்கே புறப்படுவது உங்கள் தலையில்தான் இறங்கும். பனிப் படலத்துக்குள் வலுவற்ற அடுக்கு இருந்தால், கீழே நடப்பவரின் எடையே மேலே உள்ள பாளத்தை விடுவித்துவிடவும் கூடும். எனவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பாதையை விட, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதையே அதிக நேரம் பாருங்கள்.

இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1:25,000 அளவு வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் இடமெல்லாம் 30 பாகையைத் தாண்டியது. சாய்வை நிறம் பிரித்துக் காட்டும் வரைபடங்களும் இணையத்தில் உள்ளன. ஆனால் சிறிய மேடுகளை எந்த வரைபடமும் விழுங்கிவிடும் என்பதால், 30 பாகை எல்லையை ஒட்டி வழி போடாமல் நன்றாக விலகியே போடுங்கள். குறுகிய ஓடைப் பள்ளங்களையும் தவிருங்கள். சிறிய பனிச்சரிவு கூட அங்கே ஆளை ஆழமாகப் புதைத்துவிடும். காட்டின் நடுவே மேலிருந்து கீழாக மரமே இல்லாத நீளப் பட்டை தெரிந்தால், அது பனி வழக்கமாக இறங்கி வரும் தடமாக இருக்கலாம்.

பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை வெளியாகும் பகுதி என்றால், கிளம்பும் நாள் காலையில் அதைப் படியுங்கள். ஆபத்தின் அளவைச் சொல்ல அதில் ஐந்து படிகள் உண்டு. மூன்றாம் படி நடுவில் இருப்பதால் 'நடுத்தரம்தானே' என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் ஒரே ஒருவரின் எடைக்கே பனி உடையக்கூடிய நிலை அது. புதியவர்களுக்கு நான் சொல்வது: மூன்று என்றால், மேலேயும் பக்கத்திலேயும் செங்குத்தே இல்லாத வழி, அதற்கு மேல் என்றால் வேறொரு நாள். புதுப்பனி கொட்டிய அல்லது பலத்த காற்று அடித்த மறுநாளும், திடீரென வெயில் ஏறும் நாளும் அறிக்கை என்ன சொன்னாலும் கூடுதல் எச்சரிக்கைக்கு உரியவை. நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, விவாதிக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

முன்னே சென்றவரின் தடத்தைக் கண்டால் மனம் லேசாகும், எனக்கும் ஆகும். ஆனால் அவர் கடந்தபோது பனி சரியவில்லை என்பதைத் தவிர அந்தத் தடத்திலிருந்து வேறெதுவும் தெரியாது.

நேரக் கணக்கையும் மாற்ற வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி என்பது 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நேஸ்மித் வகுத்த பழைய விதி. அது பனியில்லாத பாதைக்கு. ஆழமான புதுப்பனியில் தடம் போட்டுக்கொண்டு நடந்தால் இரு மடங்கு ஆனாலும் வியப்பில்லை. உங்கள் ஐந்து மணி நேரம் எட்டுக்கு மேல் போகலாம், பகலோ குறுகியது. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்து, எங்கே நின்றாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். குளிரில் கைப்பேசியின் பேட்டரி சட்டென்று இறங்கும். உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள், காகித வரைபடமும் இருக்கட்டும்.

என்றாவது அந்தக் கணவாய்க்குப் போகத்தான் வேண்டும் என்றால், பனிச்சரிவுப் பயிற்சி பெற்ற பிறகு போங்கள். அப்போது நால்வரிடமும் தனித்தனியே டிரான்ஸ்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), பனியைக் குத்திப் பார்க்கும் கோல், மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் சில நிமிடங்களிலேயே வேகமாகச் சரிகிறது. அவரைத் தோண்டியெடுக்கப் போகிறவர்கள் மீட்புக் குழுவினர் அல்ல, உடன் வந்த மூவர்தான். இந்த முறை காட்டின் விளிம்பில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். மேலிருந்து இறங்கும் மரமற்ற பட்டைகளும் செங்குத்துகளும் வழிக்கு மேலே இல்லை என்று வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிட்டு.