வெள்ளியும் இல்லை, அவர் முகமும் இல்லை

கேள்வி: பழைய காசு விற்பவரிடம் ஹோண்டுராஸ் நாட்டின் 50 சென்டாவோ நாணயம் ஒன்று வாங்கினேன். 1978-ஆம் ஆண்டுக் காசு. ஸ்பானியரை எதிர்த்த பழங்குடித் தலைவர் லெம்பிராவின் அசல் முகம், அசல் வெள்ளி என்றார். நம்பலாமா?
- வாசகர், கோவை

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம்.

முதலில் வெள்ளி. அந்த நாட்டின் 50 சென்டாவோ வெள்ளியில் வந்தது 1931, 1932, 1937, 1951 ஆகிய ஆண்டுகளில்தான். 1967 முதல் செம்பு-நிக்கல் கலவை. இரண்டுமே 24 மில்லிமீட்டர் அகலம் என்பதால் அளவுகோல் உதவாது. காந்தமும் உதவாது, இரண்டுமே ஒட்டாது. (1990-களின் நிக்கல் பூசிய எஃகுக் காசு மட்டும் ஒட்டும்.) எடைதான் காட்டிக்கொடுக்கும்: வெள்ளி 6.25 கிராம், கலவை 5.7 கிராம். மளிகைக்கடைத் தராசில் இந்த வித்தியாசம் தெரியாது, நகைக்கடைத் தராசில் வையுங்கள். 'வெள்ளிதானே' என்று விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கீறல் விழுந்த காசைச் சேகரிப்பாளர் யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்.

அடுத்தது முகம். லெங்கா மக்களின் தலைவரான லெம்பிரா போரிட்டது 1537-38இல், மேற்கு ஹோண்டுராஸின் செர்க்கின் குன்றில். அவரைப் பார்த்து வரைந்த படம் எதுவும் கிடையாது. 1926இல் பணத்துக்கு அவர் பெயரைச் சூட்டி, 1931இல் காசு வெளியிட்டபோது ஒரு முகம் தேவைப்பட்டது, கற்பனையில் செய்துகொண்டார்கள்.

முகம் இருக்கட்டும், அவர் செத்த விதத்துக்கே இரண்டு கணக்கு. சமாதானம் பேச வந்த குதிரைவீரனுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தவன் சுட்டுக் கொன்றான் என்கிறார் ஸ்பானிய அரசவை வரலாற்றாசிரியர் எர்ரேரா. அவர் அமெரிக்கக் கண்டத்தில் காலே வைத்ததில்லை. நேருக்கு நேர் வாளால் மோதித் தலையை வெட்டி எடுத்தது நானே என்று, அரசரிடம் சன்மானம் கேட்டு 1558இல் எழுதிக் கொடுத்த மனுவில் சொல்கிறான் ரோட்ரிகோ ருயிஸ் என்ற சிப்பாய். சன்மானத்துக்காக எழுதியது என்பதையும் கணக்கில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

விற்றவர் சொல்லாத சேதி ஒன்று உண்டு. 1931இல் 2 லெம்பிரா 1 டாலருக்குச் சமம். அதனால் அந்த வெள்ளிக் காசுகளின் எடையும் தரமும் அப்படியே அமெரிக்கக் காசுகளுடையவை: 1 லெம்பிரா அவர்களுடைய அரை டாலர் போல 12.5 கிராம், அரை லெம்பிராவான 50 சென்டாவோ கால் டாலர் போல 6.25 கிராம், எல்லாமே 90 சதவீத வெள்ளி. அச்சடித்ததும் பிலடெல்பியாவில். ஒரு வல்லரசை எதிர்த்து மாண்டவரின் முகத்தை இன்னொரு வல்லரசின் நாணய அளவில் அடித்திருக்கிறார்கள். அசல் முகமா என்று கேட்ட நீங்கள் இதையும் கேட்டிருக்கலாம்.

வெள்ளி விலை கொடுத்திருந்தால், காசைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.