வைரஸ் புகுந்த கணினியில் உள்ள படங்களை எடுப்பது எப்படி?

கேள்வி: என் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. விண்டோஸைப் புதிதாக நிறுவும் முன், குடும்பப் படங்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் அந்த விண்டோஸ் இயங்கும்போது பென்டிரைவைச் செருகாதீர்கள், ஏனெனில் சில வைரஸ்கள் செருகியவுடன் அதிலும் தொற்றிக்கொள்ளும். கணினியை அணைத்துவிட்டு, வைரஸ் இல்லாத வேறொரு கணினியில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கவல்ல இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸை ஒரு பென்டிரைவில் பதிந்து, அதிலிருந்து உங்கள் கணினியை இயக்கினால், வன்தட்டில் உள்ள விண்டோஸும் அதற்குள் இருக்கும் வைரஸும் இயங்காமலே கிடக்கும். பிறகு படங்களையும் ஆவணங்களையும் மட்டும் இன்னொரு காலிப் பென்டிரைவில் நகலெடுங்கள். மென்பொருள் கோப்புகள் எதையும் தொடவே வேண்டாம். 'கல்யாணம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ' என்று பெயர் முடிந்தால் அது படமன்று, நிரல். விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேர்டு, எக்செல் கோப்புகளுக்குள் தீய மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதப்படும் சிறு நிரல்) ஒளிந்திருக்கலாம் என்பதால், புதிய விண்டோஸில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதித்த பின்னரே அவற்றைத் திறவுங்கள்.